கணக்கெடுப்பு நாளில் யோகராணி

திண்டுக்கல்லை அடுத்த இலங்கைத் தமிழர் முகாமில் வாழும் யோகராணிக்குப் பித்தப்பையில் கல். மருத்துவமனையில் சேர்த்து, பிற்பகலில் அறுவை சிகிச்சை என்றார்கள். ஆனால், அன்று காலையில்தான் முகாமில் கணக்கெடுப்பு. வரிசையில் நில்லாதவரின் பெயர் நீக்கப்படும். பெயர் போனால் உதவித்தொகையும் அரிசியும் போய்விடும். ஆகவே, மருந்தேற்றக் கையில் குத்திய ஊசியுடனேயே யோகராணி ஆட்டோவில் வந்து இறங்கினார்.

கணக்கெடுக்க வந்த அதிகாரி பதறிப்போனார்.

"ஏம்மா, இந்தக் கோலத்துலயா வருவீங்க? ஆஸ்பத்திரிச் சீட்டைக் குடுத்துவிட்டாப் போதாதா?"

"போன முறை பக்கத்து வீட்டுத் தர்சினி சீட்டுத்தான் குடுத்துவிட்டவள், ஐயா. நீங்கள் பேரை வெட்டிப் போட்டியள். திரும்ப ஏத்த அவள் நடையாய் நடந்தவள்."

வரிசை முழுவதும் சிரித்தது. அதிகாரி உடனே கையெழுத்து வாங்கிக்கொண்டு, தம் ஜீப்பிலேயே அவரை மருத்துவமனைக்கு அனுப்பச் சொன்னார். யோகராணியோ ஏறாமல் நின்றார்.

"தர்சினியையும் ஏத்துங்கோ. காய்ச்சலோட பேருக்காக நிக்கிறாள்."

"அவங்க பேரை இன்னும் கூப்பிடலையேம்மா?"

"அப்ப கூப்பிடுங்கோ, ஐயா. ஜீப் காத்துக்கொண்டெல்லோ நிக்குது."

அடுத்து அழைக்கப்பட்ட பெயர் தர்சினி. இருவரும் ஒன்றாகவே மருத்துவமனைக்குச் சென்றனர். அறுவை சிகிச்சையும் குறித்த நேரத்தில் நடந்தது.