வெயிட் போட்டிருக்கேன்

தாம்பரம் ஸ்டேஷனில் டிக்கெட் எடுக்க நின்றபோதுதான் அது தோன்றியது. இரண்டு கவுன்ட்டர்களிலும் ஒரே மாதிரி டிக்கெட்தான் கேட்டார்கள். பக்கத்து வரிசை ஓடியது, என் வரிசை நகரவே இல்லை. ஒரே வேலையை இரண்டு இடத்திலும் கொடுத்துப் பார்த்தால் எந்த இடம் மெத்தனம் என்று தெரிந்துவிடுமே! என் முறை வந்தும் ஊர்ப் பெயரைச் சொல்ல மறந்து நின்றேன்.

“இன்னா வாத்யாரே, தூங்கிகினு கீறியா?” என்றார் பின்னால் நின்றவர்.

எழுபதுகளின் கடைசி. பொழிச்சலூர்ப் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில், உப்புப் பாக்கெட் நிரப்பும் மெஷினுக்கு மைக்ரோபிராசசர் பொருத்திக்கொண்டிருந்தோம். கம்ப்யூட்டரின் மூளை ஒரு சிப்பில் அடங்கிவிட்டது என்பதே எனக்கு அப்போது போதை. தராசில் எடை நிறைந்த கணமே உப்பு விழும் கதவு மூட வேண்டும். அது பிந்தி மூடியது, ஒவ்வொரு பாக்கெட்டிலும் உப்பு கூடுதலாக விழுந்தது. சிப்புகளைப் பொருத்திய போர்டைச் செய்தவன் என் கல்லூரி நண்பன். புரோகிராம் என்னுடையது. தப்பு புரோகிராமில்தான் என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார். வாரக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் எனக்கு வேலை நிரந்தரமாகாது.

கம்பெனிக்குப் போனதும் சோதித்தேன். ஒரு கம்பியில் மின்சாரத்தை ஏற்றி இறக்குவது தவிர வேறொன்றும் செய்யாத குட்டி புரோகிராம். அதை முதலில், என் புரோகிராம் குடியிருக்கும் நிரந்தர மெமரியில் ஓட்டினேன். பிறகு, கணக்குகளைத் தற்காலிகமாக எழுதி அழிக்கும் இன்னொரு மெமரியில். ஆசிலாஸ்கோப் திரையில் முதல் அலை அகலமாக வந்தது, இரண்டாவது ஒடுங்கி வந்தது. அப்படியானால் நிரந்தர மெமரியைத் தொடும் ஒவ்வொரு தடவையும் பிராசசர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. நூலிழைத் தாமதம்தான், ஆனால் ஆயிரமாயிரம் தடவை தொட்டால்?

போர்டைத் திருப்பினேன். சிப்பின் கால்களில், பிராசசரைக் காக்க வைக்கும் காலில், வரைபடத்தில் இல்லாத ஒரு நீலக் கம்பி.

“இதென்னடா?”

“அன்னிக்கே சொன்னேனே மச்சான், வெயிட் போட்டிருக்கேன்னு.”

சொன்னான்தான். தராசுக்குப் பக்கத்தில் நின்று, என் டிபன் பாக்ஸிலிருந்து இட்லி தின்றுகொண்டே சொன்னான். காத்திருக்கும் ‘வெயிட்’டை அவன் சொல்ல, எடைக்கல்லைச் சொல்கிறான் என்று நினைத்து, “நல்லா போட்டுப் பாருடா” என்று உற்சாகப்படுத்தியிருக்கிறேன் நான்!

“சார் என்னைத் திட்டினப்போ பக்கத்துலதானே நின்னே?”

“ஃபாஸ்ட் மெமரி சிப் கிடைக்கல மச்சான், அதான் பிராசசரைக் காக்க வெச்சேன். போர்டுல தப்புன்னா என்னைத் தூக்கிடுவாரு. புரோகிராம்னா மாத்திக்கலாம். நீ டென்ஷன் ஆவாத.”

அப்போது முதலாளி உள்ளே வந்தார். என்னைத் தாண்டி அவனிடம் கேட்டார்.

“என்னப்பா, இவனுக்கு வரல, நானே திருப்பி எழுதறேன்னியே, ஆரம்பிச்சாச்சா?”

அவன் ஆசிலாஸ்கோப்பைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன்.

கம்பியை அறுத்தால் போதும் என்றில்லை, அந்த மெத்தன சிப் அப்புறம் கண்டதையும் உளறும். மெஷினைப் போட்டதும், தராசைக் கவனிக்கும் பகுதியை மட்டும் வேகமான தற்காலிக மெமரிக்கு நகலெடுத்து அங்கிருந்து ஓட்டிப் பார்க்கலாம். இடம் போதுமா, தெரியாது. ஆனால் அதற்கு முன்னால் இந்த இரண்டு அலைகளையும் அவர் பார்க்க வேண்டும்.

“சார், கொஞ்சம் இங்கயே நில்லுங்க” என்றேன். “அவனும் நிக்கட்டும்.”