கிரிசல் போடாத கையெழுத்து

ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில் மாலுமிகளின் துணி துவைத்துப் பிழைத்தவள் கிரிசல். அவள் புருஷன் ஆடம் சாந்து பூசுகிறவன். எடின்பரோவின் பெரிய வீடுகளில் மேற்கூரையில் ஓடும் பூவும் கொடியும் அவன் கைவேலை.

1822 கடைசியில் ஒருநாள், முத்திரை குத்திய தாளோடு அவன் வீட்டுக்கு வந்தான். கடலுக்கு அப்பால் சான் அமரோ என்றொரு நாடாம். அதற்கு ஓர் இளவரசராம். தலைநகரில் எழும்பும் நாடகக் கொட்டகைக்கு ஆடம்தான் தலைமைக் கொத்தன். கூடவே நூறு ஏக்கருக்குப் பத்திரம்.

"வருஷத்துக்கு மூணு அறுவடையாம் கிரிசல். ஆத்துல தங்கத்தூள் கிடக்குதாம்."

"அப்ப அங்க இருக்கறவங்க ஏன் அதை அள்ளல?"

"உனக்கு எதைச் சொன்னாலும் நொட்டைதான். வெயில் அடிக்கிற ஊரு. மேரியனுக்கு இருமலாவது நிக்குமே."

மேரியனுக்கு ஐந்து வயது. அவர்கள் குடியிருந்த நிலவறைச் சுவரில் ஈரம் வழிந்தது. மகளுக்காகத்தான் கிரிசல் தலையாட்டினாள்.

இரண்டு மாதம் கடலில் போனார்கள். இறங்கிய இடத்தில் மணலும் சதுப்பும் கொசுவும்தான். சாமான்களில் பாதியை இறக்குவதற்குள் புயல் வர, கப்பல் நங்கூரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. நகரம் உள்ளே இருக்கும் என்று ஆடம் மூன்று நாள் காட்டுக்குள் நடந்து, செருப்புக் கிழிந்து திரும்பினான்.

மேரியனின் இருமல் நின்றது. பிறகு காய்ச்சல் வந்தது. பதினோரு நாள் தாங்கினாள். ஆடம் கடற்சிப்பிகளைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி, அவள் குழிமேட்டில் பூசி, ஒரு கொடி வரைந்தான். காய்வதற்குள் மழை வந்து கரைத்துவிட்டது.

அந்த வழியாய் வந்த வேறொரு கப்பல்தான் மிஞ்சியவர்களை ஏற்றிக்கொண்டது. இருநூறு பேர் போனதில் ஊர் திரும்பியவர்கள் ஐம்பதுகூட இல்லை.

பத்திரிகைகள் இளவரசரைக் கிழித்தன. அப்போது இளவரசர் சார்பில் நல்ல கோட்டுப் போட்ட ஒருவர் தாளோடு வந்தார். இளவரசர்மேல் குற்றமில்லை, கப்பல்காரரும் கீழ்ஆட்களும் செய்த மோசடி என்று அதில் எழுதியிருந்தது. ஆடம் வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை. வந்தவர் போனபிறகு கேட்டாள்.

"அப்படி ஒரு நாடே இல்லையே ஆடம். நீயுந்தான் தேடிப் பார்த்தியே."

"எடம் மாத்தி எறக்கிட்டாங்க."

"உனக்கு நிஜமாத் தெரியாதா?"

"அவரு பொய்யின்னா, புள்ளைய நானே கூட்டிட்டுப் போய்க் கொன்னேன்னு ஆகுது. அதைச் சொல்லச் சொல்றியா?"

கிரிசல் தன் துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டு, வேறு தெருவில் ஓர் அறை பிடித்துத் தனியே போய்விட்டாள்.

அடுத்த வசந்தத்தில் இளவரசரின் ஆட்கள் இன்னொரு கப்பலுக்கு ஆள் சேர்த்தார்கள். ஒரு மண்டபத்தில் கூட்டம் போட்டு, மேடையில் ஆடம் பேசினான். போய்வந்தவன் சொல்கிறானே என்று சனம் வாய் திறந்து கேட்டது. வாசலில் நின்ற கிரிசல், இரண்டு பிள்ளைகளோடு வந்த பெத்தியா என்பவளின் கையைப் பிடித்தாள்.

"போகாதீங்கம்மா. அங்க எம்பொண்ணைப் பொதைச்ச குழிதான் இருக்கு, வேற ஒண்ணுமில்ல."

பெத்தியா தடுமாறி ஆடமைப் பார்த்தாள். அவன் மேடையிலிருந்து இறங்கி வந்தான்.

"என் சம்சாரந்தாங்க. புள்ள போனதுல புத்தி கலங்கிடுச்சு. மனசுல வெச்சுக்காதீங்க," என்று தணிந்த குரலில் சொன்னான்.

பெத்தியா கிரிசலைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு உள்ளே போனாள்.

நல்லவேளை, அந்தக் கப்பலை விஷயம் தெரிந்த அரசாங்கப் போர்க்கப்பல் ஒன்று நடுக்கடலில் மறித்துத் திருப்பி அனுப்பியது. வீடும் சாமானும் விற்றுவிட்டுப் போன பெத்தியா, பிள்ளைகளோடு துறைமுகத்துக் கிடங்கில் ஒண்டினாள். ஒருநாள் துவைக்கும் இடத்துக்கே கிரிசலைத் தேடிக்கொண்டு வந்தாள். நன்றி சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்து, கிரிசல் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எல்லாம் தெரிஞ்சவ, இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கலாம்ல நீ?" என்றாள் பெத்தியா.

பெத்தியா போகிறவரை கிரிசல் நின்றிருந்துவிட்டு, குனிந்து துணியைப் பிழியத் தொடங்கினாள்.