கடைசி டேப்பில் ஒரு தலைத் தீபாவளி

வாசகர்களே, நீங்களே சாட்சியாக இருந்து சொல்லுங்கள். ஒரு பேச்சின் உச்சத்தை எங்கே வைக்க வேண்டும்? இறுதியில்தானே? அவை வணக்கம், முன்னுரை, சான்றுகள்... அதன் பிறகே கைதட்டலை அள்ளும் அந்தக் கருத்து! பள்ளி மேடை முதல் மாநில விவாத மேடை வரை நான் வென்றது இந்த வரிசையால்தான்.

குருபோங்கில் நான் பணிபுரியும் தொழிற்சாலையின் இன்ட்ராநெட் தளத்துக்கு மெனு அமைக்கச் சொன்னபோதும் அதே வரிசையைத்தான் கையாண்டேன். இயக்குநர் செய்தி, நிறுவன வரலாறு, நோக்கம், விருதுகள்... எல்லாவற்றுக்கும் கடைசியாக, உச்சமாக, ‘விடுப்பு விண்ணப்பம்’. அலுவலகத்தின் அகலத் திரையில் எத்தனை கம்பீரம்!

போன வெள்ளிக்கிழமை மாலை, உற்பத்திப் பிரிவில் மெஷின் ஓட்டும் குணா அண்ணன் கைத்தொலைபேசியோடு என் மேசைக்கு வந்தார். புது மாப்பிள்ளை. தங்கா பத்துவில் மாமியார் வீட்டில் தலைத் தீபாவளி.

“தம்பி, லீவு எங்கடா? எங்க தொட்டாலும் நம்ம பெரிய போஸ் போட்டோவுல சிரிக்கிறாரு!”

பண்டிகை விடுப்புக்கு அன்று ஐந்து மணியே கெடு. தாளில் எழுதிக் கொடுத்தால் வாங்கமாட்டார்கள்.

“இதோ காட்டுகிறேன்” என்று நான் எழுந்தேன். தளத்தைப் பராமரிக்கும் ஸ்டெல்லா, என் வயதுக்காரி, கையை நீட்டித் தடுத்தாள்.

“நீ காட்டினா அண்ணனுக்கு மட்டும் கிடைக்கும். உற்பத்தி லைன்ல நிக்கிற மத்தவங்களுக்கு? அண்ணே, நீங்களே தேடுங்க. நான் பாக்குறேன்.”

அவள் திரையைப் பார்க்கவில்லை. குணா அண்ணனின் கட்டைவிரலையே பார்த்தாள். அது சிறிய திரையில் தெரிந்த முதல் நான்கு மெனு டேப்களில் முட்டி முட்டித் திரும்பியது. மற்றவையெல்லாம் ஓரத்தில், மூன்று சிறிய புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்தன. என் உச்சமும் அங்கேதான்!

“ஸ்டெல்லா, மாமியார்கிட்ட போய் டேப்பைக் காணோம்னு சொல்ல முடியுமா? சீக்கிரம் லா!”

“ஏய் பேச்சாளரே, நீ மெனு போட்டியா, மாலை மரியாதை பண்ணியா?”

கேட்டுக்கொண்டே செட்டிங்ஸைத் திறந்தாள். கடைசி டேப்பை இழுத்து முதலில் வைத்தாள். அடுத்து ஷிப்ட், அதற்கடுத்து பஸ். என் ‘விடுப்பு விண்ணப்பம்’ ‘லீவு எடுக்க’ ஆனது. என் செந்தமிழ் சற்றே முனகியது.

“இயக்குநர் செய்தி கடைசியிலா? அவர் கோபப்பட்டால்?”

“அவரு லாகின் பண்ணா மட்டும் அவரு செய்தி முதல்ல வரும். யாருக்கு எது வேணுமோ, குரூப் வாரியா மாத்திட்டேன்.”

எதிரணியைப் பாராட்டி எனக்குப் பழக்கமில்லை. அன்று பாராட்டினேன். எத்தனை நுட்பம்! ஒருவரையும் குறைக்காமல், ஒவ்வொருவருக்கும் உரியதை அவரவர் விரலருகே வைக்கிற கலை அல்லவா அது?

குணா அண்ணன் மீண்டும் திறந்தார். ஒரே தொடுதல்.

“போயிருச்சு! மாமியார் வீட்டு ஆட்டுக்கறி உறுதி!”

சற்று நேரத்தில் சூப்பர்வைசரின் தொலைபேசி ஓயாமல் ஒலித்தது. லைனிலிருந்து விண்ணப்பங்கள், ஒன்றன்பின் ஒன்றாக... கெடு முடியும் முன்பே.

மேடையில் அவை எனக்காகக் காத்திருக்கும். ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு ஓடுகிறவரின் கட்டைவிரல் யாருக்காகக் காத்திருக்கும்?

கேண்டீனில் குணா அண்ணன் விடவில்லை. “கம்பெனி தீபாவளி விருந்துல தம்பிதான பேசுறாப்ல? ஐயையோ, அலாமா... அப்புறம் எப்ப சாப்பிடறது?”

நாற்காலியை விட்டு எழுந்தேன். எல்லார் காதிலும் விழும்படி உரக்க உறுதி கூறினேன்:

“சாப்பாடு எந்தப் பக்கம் என்பதே என் முதல் வாக்கியம். அவை வணக்கம் அதற்குப் பிறகுதான்!”