ரோமில் தொலைந்தது யார்?

1. ரோம் நகரில், கொலோசியம் போகும் மெட்ரோ ரயில் நிறைந்த கூட்டத்தோடு வந்து நின்றது.
2. குற்றாலச் சீசன் பேருந்தில் ஏறிய பழக்கத்தில் அம்மா இடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.
3. நான் ஏறுவதற்குள் கதவு மூடியது.
4. அம்மாவின் கைப்பேசி என் பையில் இருந்தது.

படபடப்பாக இருந்தாலும் எனக்குப் பயமில்லை. ஐந்தருவிக் கூட்டத்துக்கென்று எங்கள் வீட்டில் ஒரு விதி உண்டு: தொலைந்தவர் அசையாமல் நிற்க வேண்டும், மற்றவர் தேடி வருவார். அம்மா அடுத்த நிலையத்தில் இறங்கி நிற்பாள் என்று நம்பி அடுத்த ரயிலில் போனேன். நடைமேடை முழுக்கத் தேடினேன். அம்மா இல்லை.

அப்போதுதான் பயம் வந்தது. எதிர் ரயிலைப் பிடித்துத் திரும்பி வந்து இறங்கினால், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், நான் முதலில் நின்ற இடத்திலேயே அம்மா நிற்கிறாள்.

"ஏட்டி, எங்கன போன? தொலைஞ்சவ நின்ன எடத்துல நிக்கணும்லா?"

"தொலைஞ்சது நீம்மா."

"நான்தான் ரயில்ல ஏறிட்டேனே. ஏற முடியாம நின்னது நீ. ஒன்னத் தேடித்தான் திரும்பி வாரேன்."

"எப்படிம்மா வந்த?"

"தூங்கிட்டே தென்காசியத் தாண்டி செங்கோட்டைக்குப் போயிட்டா, எதிர் வண்டில வரமாட்டமா? அப்படித்தான்."

இத்தாலிய மொழியில் ஒரு சொல்லும் தெரியாத அம்மா ரோமில் தனியாக ரயில் மாறி வந்திருக்கிறாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. படிகளில் ஓடி அந்தப் பக்கம் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது தென்காசிக்குத் திரும்பிவிட்டோம். தொலைந்தது இவள்தான் என்று என்னைக் காட்டி வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறாள்.