திரையில் மட்டும் தெரிந்த தோல்

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் நான் கம்ப்யூட்டர் ஆள். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், மேனேஜர் வீட்டு டிவியில் படம் வராவிட்டாலும் என்னைத்தான். இத்தனை வருஷத்தில் உருப்படியாக நான் எழுதிய புரோகிராம் ஒன்றே ஒன்று.

எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். அவருடைய சரக்கின் படம் கம்பெனியில் எங்கேயும் தங்கக் கூடாது. ஆனால் தோலில் குறை இருந்தால், கட்டிங்குக்குப் போகும் முன் மேனேஜர் பார்த்தாக வேண்டும். அதற்குத்தான் என் புரோகிராம். செக்கிங் பெண்கள் போனில் படம் எடுத்து அனுப்பினால், அது மேனேஜர் திரையில் தெரியும். அவர் அந்தப் பக்கத்தை மூடியதும் போய்விடும். சர்வரில் துளிகூட மிஞ்சாது. படம் போய்ச் சேர்ந்ததும் அனுப்பியவர் போனில் ஒரு பச்சை டிக் வரும். அது அழகுக்காக நான் வைத்தது. சாயங்காலம் கேட்டில் வாட்ச்மேன் ஒவ்வொரு போனையும் வாங்கி, உள்ளே எடுத்த படங்களை அழித்துவிட்டுத்தான் வெளியே விடுவார். பச்சை டிக் வந்தால் படம் கம்பெனியில் பத்திரமாக இருக்கிறது என்று அந்தப் பெண்கள் நினைத்திருந்தார்கள். அப்படி இல்லை என்று நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

ஒருநாள் காலை மேனேஜர் மேஜைக்கு அடியில் வயர் மாட்டிவிட்டு எழுந்தேன். திரையில் ஒரு தோல். முழுக்க உண்ணி கடித்த தழும்பு. செக்கிங் பெண் ஒருத்தி அனுப்பியிருந்தாள். மேனேஜர் அவளுக்குப் போன் போட்டார்.

"இன்னாம்மா, இதெல்லாம் ஒரு குறையா? கலர் அடிச்சா மறைஞ்சிடும். கட்டிங்குக்கு அனுப்பு."

பக்கத்தை மூடினார்.

அந்தத் தோலில் தைத்த ஷூ லாட் முழுசையும் பையர் திருப்பி அனுப்பிவிட்டார். முதலாளி ரூமில் எங்கள் மூவரையும் நிற்க வைத்தார்கள்.

"நான் படம் அனுப்ச்சேன் சார். டிக் வந்துச்சு. சார்தான் கட்டிங்குக்கு அனுப்பச் சொன்னாரு," என்றாள் அவள்.

"எனக்கு எந்தப் படமும் வர்ல," என்றார் மேனேஜர்.

முதலாளி என்னைப் பார்த்தார். "இன்னாப்பா, சிஸ்டத்துல இருக்கா?"

"சிஸ்டத்துல இல்ல சார்."

அது உண்மைதான். எழுதியவனுக்குத் தெரியாதா?

அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நீங்க அங்கதான இருந்தீங்க. கண்ணால பாத்தீங்களே?"

எனக்கு ஒரு வியாதி உண்டு. வாயடைக்க வேண்டிய இடத்தில் தமாஷ் வந்துவிடும்.

"நான் மேஜைக்கு அடியில கெடந்தேம்மா. அங்க எலி இருந்துச்சு, அதத்தான் பாத்தேன்."

முதலாளி சிரித்தார். மேனேஜர் கொஞ்சம் ஜாஸ்தியாகவே சிரித்தார். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம்கூட இல்லை. கணக்கைத் தப்பாகப் போட்ட வாத்தியாரைப் பிள்ளைகள் பார்ப்பதுபோல ஒரு பார்வை.

மறுநாளிலிருந்து அவளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் லாகினை எடுத்துவிடச் சொல்லி எனக்கு மெசேஜ் வந்தது. எடுத்தேன். நிச்சயமாக எடுக்க வேண்டுமா என்று திரை ஒருமுறை கேட்டது. அந்தக் கேள்வியும் நான் எழுதியதுதான். ஆமாம் என்று அழுத்தினேன்.

கேன்டீனுக்குப் போனேன். மேனேஜர் தனக்கு டீ சொல்லும்போது எனக்கும் ஒன்று சொன்னார். இதுவரை சொன்னதில்லை. வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன். டீ வந்துவிட்டது. குடித்தேன்.