ரெண்டு மணிக் கொடி

என் தம்பியை ஓட்டக்காரங்க யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. 'ரெண்டு மணி'ன்னுதான் கூப்பிடுவாங்க. விடியக்காலம் அஞ்சு மணிக்கு மைதானத்துக்குள்ள நுழைஞ்சாலும் "ரெண்டு மணி வந்தாச்சு"ன்னு ஒருத்தன் கத்துவான். புதுசா வந்தவன் பாவம், தன் கடிகாரத்தை ஆட்டிப் பாத்துக்குவான். விஷயம் ஒண்ணுமில்ல. இருபத்தோரு கிலோமீட்டர் பந்தயத்தைச் சரியா ரெண்டு மணி நேரத்துல ஓடி முடிக்கிறவன் என் தம்பி. பந்தயம் நடத்துறவங்க அவன் முதுகுல '2:00'ன்னு எழுதின கொடிய மாட்டி விடுவாங்க. ரெண்டு மணிக்குள்ள முடிக்கணும்னு ஆசப்படுறவங்க கண்ண மூடிக்கிட்டு அந்தக் கொடிக்குப் பின்னாலயே ஓடினாப் போதும். இந்த வேலைக்குப் பேர் பேசர். சம்பளம் கிடையாது, பரிசு கிடையாது, ஒரு பனியன் குடுப்பாங்க. அதுக்குத்தான் இத்தன அலட்டல்.

பதினோரு பந்தயத்துல கொடி கட்டி ஓடினான். பதினோரு தடவையும் ஒரு நிமிஷம் பிசகல. பன்னெண்டாவதுலயும் பிசகல. அன்னிக்குப் பிசகியிருந்தா என் வீட்டுக்காரர் இன்னிக்கு உயிரோட இருந்திருப்பாரு.

தொழில்ல அவன் தையல் மெஷின் மெக்கானிக். ரெடிமேட் துணி தைக்கிற கம்பெனி, ஒரே ஹால்ல நூத்திச் சொச்சம் மெஷின் ஓடும். அந்த இரைச்சல்ல நாம பேசுறது நமக்கே கேக்காது. இவன் வாசல்ல நின்னு தலைய லேசாச் சாய்ச்சுக்கிட்டு, "மூணாவது வரிசை, ஜன்னல் பக்கம், ஊசி வளைஞ்சிருக்கு"ம்பான். போய்ப் பாத்தா வளைஞ்சிருக்கும். நான் வீட்டுலயே மெஷின் போட்டு ஆல்டரேஷன் தைக்கிறவ. எங்களுக்கு மூணாவது மாடி. ஒரு நாள் பாதிப் படியில வரும்போதே, "அக்கா, நிறுத்து, பாபின்ல நூல் சிக்கியிருக்கு"ன்னு கீழேருந்து கத்துறான். "வந்ததும் வராததுமா வாத்தியார் வேலையா?"ன்னு நான் எரிஞ்சு விழுந்தேன். திறந்து பாத்தா கொசகொசன்னு நூல். அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்கு அதுதான் எரிச்சலே.

என் வீட்டுக்காரர் ஸ்கூல் வேன் ஓட்டினவரு. காலையில உக்காந்தா சாயங்காலம்தான் எழுந்திருப்பாரு. தொப்பைக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவுல ஒரு கைக்குட்டை வைக்க இடம் இருக்காது. என் மாமனார் நாப்பத்தாறு வயசுல குளிக்கப் போனவரு, கதவுக்குப் பின்னாலயே விழுந்து போயிட்டாரு. நெஞ்சு. எங்ககூடவே இருக்கிற என் மாமியாருக்கு அந்த நாப்பத்தாறுதான் கண்ணுக்குள்ளயே நிக்கும். மகனுக்கு நாப்பத்திநாலு முடிஞ்சப்போ, "இன்னும் ரெண்டு வருஷம்"னு வாய்விட்டே சொல்லிட்டாங்க. நல்ல நாள்ல இப்படியா பேசுறதுன்னு நான் சண்டை போட்டேன். அன்னிக்குத்தான் என் தம்பி, "மாமா, நாளைலேருந்து எங்கூட ஓட வாங்க. ஒண்ணும் ஆகாது, நான் பாத்துக்கிறேன்"னு சொன்னான்.

"நடக்கச் சொல்லு, நடப்பான். ஓட எதுக்குடா?"ன்னு மாமியார் கேட்டாங்க. யாரு காதுல விழுந்துச்சு?

மொத நாள் பூங்காவைப் பாதிச் சுத்து ஓடிட்டு, பெஞ்சுல படுத்து, "மாப்ளே, என்னைத் தூக்கிட்டுப் போயிடு"ன்னாராம். நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். ஆனா மனுஷன் விடல. அஞ்சு மணிக்கு எழுந்து ஓடிட்டு, குளிச்சிட்டு, ஏழு மணிக்கு வேன எடுப்பாரு. நாலு மாசத்துல பத்து கிலோமீட்டர் பந்தயம். அதுல கடைசி ஆள் இவருதான். சாலையோரம் கெடக்கிற பேப்பர் கப்பைப் பொறுக்கிக்கிட்டு வந்த குப்பை லாரி, முடியிற வரைக்கும் இவரு பின்னாலயே வந்துச்சாம். "மந்திரிக்குக்கூட இப்படி வண்டி வராதுடி"ன்னு சொல்லிட்டு, மெடலைக் கழட்டாமயே தூங்கினாரு. ஒரு வருஷம் போனதும் இருபத்தோரு கிலோமீட்டரும் ஓடிட்டாரு, ரெண்டு மணி ஒம்பது நிமிஷம். வயிறு உள்ள போயிருந்துச்சு, முகத்துல ஒரு தெளிவு. எனக்குக் கல்யாணத்தப்போ பாத்த ஆளு திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு. சொல்றதுக்கென்ன, சந்தோஷமாத்தான் இருந்தேன்.

ஆனா அந்த ஒம்பது நிமிஷம் எங்க வீட்டுக்குள்ள வந்து உக்காந்துக்கிச்சு. சாப்பிடும்போது ஒம்பது நிமிஷம், பல்லு விளக்கும்போது ஒம்பது நிமிஷம். நாப்பத்தாறு பொறக்கிறதுக்குள்ள ரெண்டு மணிக்குள்ள ஓடிக் காட்டணும்னு ஒரு வெறி. அம்மா வாய அடைக்கணுமாம். அடுத்த பந்தயம் பிறந்தநாளுக்குப் பன்னெண்டு நாள் முன்னால வந்துச்சு. கொடி கட்டி ஓடப் போறது தம்பிதான்.

தம்பிக்கு ஒரு கறார் உண்டு. பந்தயத்துக்கு முந்தின ரெண்டு வாரம் உடம்புல எது பண்ணினாலும் அவன்கிட்ட சொல்லியாகணும். ஜலதோஷம்னாலும் சொல்லணும். மறைச்சா கொடிக்குப் பின்னால இடம் இல்ல. காய்ச்சல் மாத்திரை போட்டுட்டு வந்த ஒரு பேங்க் கேஷியரை, "சார், வீட்டுக்குப் போய்ப் படுங்க"ன்னு ஆரம்பக் கோட்டுலருந்தே திருப்பி அனுப்பினவன் அவன்.

பந்தயத்துக்கு ஒம்பது நாள் இருந்துச்சு. நான் குப்பை வாளியோட கீழ இறங்கினேன். ரெண்டாவது மாடி வளைவுல இவரு நிக்கிறாரு. ஒரு கை கம்பியில, இன்னொரு கை தாடையில.

"என்னங்க?"

"பல்லு."

"பல்லு வலிக்கு இப்படியா வேர்க்கும்?"

"ஓடிட்டு வந்தா வேர்க்காதா? வழிய விடு."

ரெண்டு நிமிஷத்துல சரியாயிடுச்சு. சிரிச்சுக்கிட்டே மேல வந்தாரு. நான் விடுவேனா, சமையக்கட்டுல நிக்க வச்சுக் கேட்டேன். மூணு தடவ வந்துச்சாம். மேம்பாலத்துல ஏறும்போது தாடையில ஆரம்பிச்சுத் தோள் வரைக்கும் இறங்குமாம். நின்னா போயிடுமாம். "தானா போயிடுற வலியெல்லாம் ஒரு வலியா?"ன்னு என்னையே திருப்பிக் கேட்டாரு. அன்னிக்கு வீடு ரெண்டாகுற மாதிரி கத்தியிருக்கணும். பக்கத்து ரூம்ல மாமியார் இருந்தாங்களே, அவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு குசுகுசுன்னு சண்டை போட்டேன். கடைசியில ஒரு பேச்சுக்கு வந்தோம். ஞாயித்துக்கிழமை ஓட்டம், திங்கக்கிழமை டாக்டர். அது வரைக்கும் தம்பிகிட்ட நான் வாயத் தொறக்கக் கூடாது. அவர் கண்ணு முன்னாலயே கிளினிக்குக்குப் போன் பண்ணி, திங்கக்கிழமை பத்து மணிக்கு டோக்கன் போட்டேன். ஜெயிச்சிட்டதா வேற நினைச்சேன். பெரிய சாமர்த்தியசாலி நான்!

பந்தயத்துக்கு ரெண்டு நாள் முன்னால, வெள்ளிக்கிழமை, தம்பி போன் பண்ணினான். "அக்கா, மாமா முகமே சரியில்ல. உங்கிட்ட ஏதாச்சும் சொன்னாரா?"

"என்னத்தச் சொல்லுவாரு? நல்லாத்தான் இருக்காரு."

"நிஜமாவா?"

"எனக்கு நாலு சட்டை தைக்கக் கெடக்கு. சும்மா நோண்டாத, வை போன!"

இவரு கதவோரம் நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தாரு. ரெண்டு கையையும் கூப்பி எனக்குப் பெரிய கும்பிடா ஒண்ணு போட்டாரு. நானும் சிரிச்சேன். சிரிச்சேனே தவிர, அன்னிக்கு ஒரு தையலும் நேரா விழல. நாலு சட்டையையும் பிரிச்சுத் தைச்சேன்.

சனிக்கிழமை சாயங்காலம் பந்தய நம்பர் அச்சடிச்ச துணிய பனியன்ல நான்தான் ஊக்குக் குத்தி மாட்டினேன். அதுக்குப் பின்பக்கம் எழுதுறதுக்குக் கட்டம் போட்டிருக்கும். ரத்த வகை, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும், உடம்புல கோளாறு ஏதாச்சும் உண்டா. அவரு கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்னு என்னைத்தான் எழுதச் சொன்னாரு. என் போன் நம்பரை எழுதினேன். கோளாறுக்கு நேரா வந்ததும் பேனா நின்னுச்சு.

"இல்லைன்னு போடு. ஒரு நாள் கூத்துதானே"ன்னாரு. இல்லைன்னு போட்டேன்.

ஞாயித்துக்கிழமை வானம் மூடிக்கிட்டு, ஒரு இலை அசையல. ஆறு மணிக்கு ஓட்டம் ஆரம்பம். அஞ்சாவது படிக்கிற எங்க பொண்ணைக் கூட்டிக்கிட்டு ஏழரைக்கெல்லாம் முடியிற இடத்துக்குப் போயிட்டேன். அவ கையில துண்டு, என் கையில தண்ணி பாட்டில். முடியிற கோட்டு வளைவுக்கு மேல, ஓட்டம் ஆரம்பிச்சதுலேருந்து ஆன நேரத்தைக் காட்டுற பெரிய கடிகாரம் ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஒண்ணு ஐம்பது. ஒண்ணு ஐம்பத்தஞ்சு. மைக்குல ஒருத்தன் ஓயாம கத்துறான். எனக்கு அவனை அடிக்கணும் போல வந்துச்சு. ஒண்ணு ஐம்பத்தெட்டுக்குத் தூரத்துல கொடி தெரிஞ்சுது. "மாமா வர்றாரு!"ன்னு பொண்ணு குதிச்சா. கொடிக்குப் பின்னால ஒரு கும்பல். சிவப்புத் தொப்பி, வெள்ளைத் தொப்பி, மொட்டைத் தலை. நான் எங்க வீட்டுக்காரரோட நீலத் தொப்பியத் தேடினேன். கும்பல் கிட்ட வந்துச்சு, ஒவ்வொரு மூஞ்சியா தேடினேன். இல்ல.

தம்பி கோட்டைத் தாண்டினப்போ கடிகாரத்துல ஒண்ணு ஐம்பத்தொம்பது, நாப்பத்தோரு செகண்ட். பின்னால வந்தவங்க ஓடி வந்து அவனைக் கட்டிப் புடிச்சாங்க. ஒருத்தர் அழுதுக்கிட்டே அவன் கையக் குலுக்கினாரு. அவன் யாரையும் பாக்கல. வந்த வழியையே பாத்துக்கிட்டு நின்னான்.

"மாமா எங்கடா?"ன்னு வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினேன்.

அவன் ஓடி வர்றவங்கள விலக்கிக்கிட்டு எதிர்ப்பக்கமா நடக்க ஆரம்பிச்சான். கொடி இன்னும் முதுகுலயே இருந்துச்சு. அப்போ என் பையில போன் அடிச்சுது, தெரியாத நம்பர். ஒரு பொண்ணு மூச்சு வாங்கிக்கிட்டே, "இந்தப் பனியன்ல உங்க நம்பர் எழுதியிருக்கு. இவரு உங்களுக்கு என்ன வேணும்?"னு கேட்டா.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ளயே எல்லாம் முடிஞ்சிடுச்சு. பதினேழாவது கிலோமீட்டர் பலகைக்குப் பக்கத்துல விழுந்திருக்காரு. தண்ணி குடுக்கிறவங்க ஓடி வந்து நெஞ்ச அமுக்கியிருக்காங்க. அதுக்கு மேல எனக்கு எழுத வரல. மறுநாள் பத்தரைக்குக் கிளினிக்குலேருந்து போன். "டோக்கன் போட்டீங்களே, இன்னும் வரலையே?"ன்னு கேட்டாங்க. மாமியார் பக்கத்துல உக்காந்திருந்தாங்க. "ராங் நம்பர்"னு சொல்லிட்டு வச்சிட்டேன்.

தம்பி அதுக்கப்புறம் ஓடல. வேலைக்குப் போனான், ஆனா மெஷின் ஹாலுக்குப் போகலையாம். ஸ்டோர் ரூம்ல பொத்தானும் நூல்கண்டும் எண்ணுற வேலையைக் கேட்டு வாங்கிக்கிட்டானாம். எங்க வீட்டுக்கு வந்தா பொண்ணுக்குப் பாடம் சொல்லிக் குடுப்பான், சாப்பிடாமப் போயிடுவான். ஒரு மாசம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை வந்தான். பொண்ணு வெளிய விளையாடப் போயிருந்தா. செவுத்துல சாஞ்சு தரையில உக்காந்தான். மாமியார் எதிர்ல கட்டில்ல இருந்தாங்க. நான் மெஷின்ல.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். பதிமூணாவது கிலோமீட்டர்லேருந்து பின்னால ஒரு மூச்சு கெட்டுப் போச்சு. உள்ள இழுக்கும்போது நடுவுல ஒரு தட்டு தட்டுச்சு. நாப்பது பேரு மூச்சு என் பின்னால. ஆனா அது மாமாவோடதுன்னு எனக்குத் தெரிஞ்சுது."

நான் மெஷினை நிறுத்தினேன்.

"திரும்பாமயே, 'மாமா, மெதுவா வாங்க'ன்னேன். 'நீ போ மாப்ளே'ன்னாரு. நான் வேகத்தைக் குறைச்சா அத்தன பேருக்கும் நேரம் போயிடும். நின்னு பாக்கலாமா, கொடிய வேற யாருகிட்டயாவது குடுக்கலாமான்னு யோசிச்சுக்கிட்டே ஓடினேன். பதினேழுல அந்தச் சத்தம் நின்னுடுச்சு. சரி, நடக்க ஆரம்பிச்சிட்டாருன்னு நினைச்சேன். எனக்கு நிம்மதியா இருந்துச்சுக்கா."

மாமியார் கட்டிலை விட்டு எழுந்து வந்தாங்க. "இருபது நிமிஷமா கேட்டுக்கிட்டே ஓடினியாடா? பாழாப்போன மெஷின் ஒண்ணு முனகினா ஓடிப் போய்ப் பாப்பியே, என் புள்ள மூச்சுக்குத் தலையத் திருப்ப மாட்டியா?"ன்னு அவன் தோள்ல அடிச்சாங்க. அடி மேல அடி. அவன் கையத் தூக்கித் தடுக்கக்கூட இல்ல. அவங்களுக்கு மூச்சு வாங்கி, அங்கயே உக்காந்து தலையில அடிச்சுக்கிட்டு அழுதாங்க.

தம்பி என்னைப் பாத்தான். வாய் ஓயாத அக்கா, எதுக்கெடுத்தாலும் அவனைத் திட்டித் தீர்க்கிற அக்கா. நான் என்ன சொல்லுவேன்னு பாத்தான். அப்புறம் ரொம்ப மெதுவா, "அக்கா, மாமா உங்கிட்ட ஏதாச்சும் சொல்லியிருந்தாரா? முந்தியே வலி கிலி ஏதாச்சும்?"னு கேட்டான்.

மாமியார் அழுகைய நிறுத்திட்டு என் பக்கம் நிமிர்ந்தாங்க. ரெண்டு பேரும் என் வாயையே பாத்தாங்க. என் நாக்கு வரைக்கும் வந்துச்சு. சத்தியமா வந்துச்சு. மாமியார் கண்ணப் பாத்தேன். எனக்குப் பயமா இருந்துச்சு.

"இல்லடா. எங்கிட்ட ஒண்ணும் சொல்லல"ன்னேன்.

"அப்போ எனக்கு மட்டும்தான் தெரிஞ்சிருக்குக்கா"ன்னான்.

நான் ஆமாம்னு தலையாட்டினேன்.