சம்பந்தியின் கறுப்பு முகமூடி

லண்டனுக்கு வந்த புதிதில், மிச்சம் என்ற பகுதியில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் கதவை ஒரு மாலை யாரோ தட்டினார்கள். திறந்தால் வாசலில் ஒரு எலும்புக்கூடு, ஒரு சூனியக்காரி, கண்களுக்கு மட்டும் ஓட்டை விட்ட வெள்ளைச் சீலையால் மூடிய ஒரு சின்ன உருவம். சூனியக்காரி என்னிடம் இனிப்புக் கேட்டாள். நான் கதவை அடித்துச் சாத்திவிட்டுச் சமையலறைத் தரையில் போய் இருந்துவிட்டேன். அதன் பெயர் ஹலோவீன் என்று மறுநாள் வேலையிடத்தில் சொல்லித் தந்தார்கள். தெரிந்த பிறகும் ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில், வேஷம் போட்ட பிள்ளைகள் வந்து தட்டாமலிருக்க, எங்கள் வீட்டு வாசல் விளக்கு எரிந்ததில்லை. அப்பாவுக்கு முகமூடி பிடிக்காது என்ற அளவில் மகள் ஆரணி வளர்ந்தாள். ஏன் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த ஆரணி ஒரு இத்தாலியப் பொடியனைக் கலியாணம் முடித்தாள். பெயர் கவீனோ. இருவரும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை, வீடும் லண்டனிலேயே, கோலியர்ஸ் வுட்டில். நல்ல பிள்ளை, என்னை ‘மாமா’ என்றுதான் கூப்பிடுவான், அந்த ‘மா’ இரண்டையும் தேவைக்கு மேல் இழுத்து. இத்தாலி என்றால் உடனே அவனுக்கு முகம் சுருங்கும். “நாங்கள் சார்டீனியாக்காரர்” என்று திருத்துவான். பாஸ்போர்ட் ஒன்று, சொந்த ஊர் வேறு என்ற விளக்கம் எங்களுக்குப் புதிதல்லவே. கலியாணத்துக்கு வந்த அவனுடைய தகப்பன் பக்கீசியோ, திரும்பிப் போகும்போது என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, மாசியில் கார்னிவலுக்குக் கட்டாயம் வரவேண்டும் என்றார். அவருக்கு இங்கிலிஷ் தெரியாது, எனக்கு அவருடைய பாஷை தெரியாது. நான் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். கார்னிவல் என்றால் பாட்டும் ஆட்டமும் என்றுதான் நினைத்திருந்தேன். போவதற்கு முதல் வாரம் ஆரணி சொன்னாள்: “அப்பா, அங்கிள்தான் மெயின் ஆள். கறுப்பு மாஸ்க் போட்டு ஊர்வலம் போவார். உங்களுக்கு ஓகேதானே?”

என் மனைவி மலர் என்னைப் பார்த்தாள். அவளுக்கு மட்டும் எல்லாம் தெரியும்.

“ஏலாதெண்டால் இப்பவே சொல்லுங்கோ. சுகமில்லை எண்டு ஏதும் சொல்லுவம்.”

“சம்பந்தி வீட்டு அழைப்பு. போகாமல் விட்டால் பிள்ளைக்கு மரியாதையில்லை. வாறன்.”

மமொயாடா என்ற அவர்களுடைய ஊர் சார்டீனியாத் தீவின் நடுவே மலைப்பக்கத்தில் இருக்கிறது. லண்டனில் ஒரே பஸ்ஸில் வருஷக்கணக்காகப் போய்வந்தாலும் பக்கத்துச் சீட்காரர் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. இந்த ஊரில் தெருவில் இறங்கிய உடனேயே ஆட்கள் நின்று முகத்தைப் பார்த்து வணக்கம் சொன்னார்கள். பக்கீசியோவின் மனைவி கிராசியா மலரைக் கட்டிப்பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனா. மேசை நிறைய எண்ணெயில் பொரித்துச் சீனி தூவிய பலகாரம். “எங்கட பயித்தம்பணியாரத்துக்கு ஒரு படி கீழதான்” என்று மலர் என் காதுக்குள் சொல்லிவிட்டு மூன்று சாப்பிட்டாள்.

சாப்பாடு முடிந்ததும் பக்கீசியோ ஒரு துணிப்பொதியைக் கொண்டுவந்து என் முன்னால் அவிழ்த்தார். மரத்தில் கொத்தி, கரியாய்க் கறுத்த முகம். பெரிய மூக்கு, நீண்ட தாடை, துக்கத்தில் இறுகியதுபோன்ற வாய், இரண்டு கண் ஓட்டைகள். பிடித்துப் பார் என்று நீட்டினார். என் கை எழும்பவில்லை. அவர் இன்னும் கொஞ்சம் நீட்டினார். நான் கதிரையைப் பின்னால் தள்ளினேன்.

அவர் கவீனோவிடம் ஏதோ சொன்னார். கவீனோ சங்கடத்துடன் இங்கிலிஷில் சொன்னான்: “மாமா, இது பேயில்லையாம். உங்களுடைய சமயத்துக்கு விரோதமென்றால் மன்னிக்கவாம்.”

“இல்லை, இல்லை. நல்ல வடிவாயிருக்கு” என்றேன். ஒருவரும் நம்பவில்லை. அவர் அதை மெதுவாகத் திரும்பப் பொதிந்து வைத்தார். ஒரு மனிதர் தன் வீட்டின் ஆகப்பெரிய பெருமையை நீட்ட, விருந்தாளி முகத்தைத் திருப்பியதுபோல் ஆகிவிட்டது.

எனக்குப் பத்தொன்பது வயதில், யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரை ராணுவத்தினர் சுற்றிவளைத்தார்கள். பொடியன்கள் எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கூட்டிப்போய் வெயிலில் வரிசையாக நிறுத்தினார்கள். துவக்குகளோடு நின்ற சீருடைக்காரருக்கு நடுவே ஒரு ஜீப். அதற்குள் தலையில் சாக்கு மூடிய ஒருவன். சாக்கில் இரண்டு ஓட்டைகள். ஆளைக் காட்டிக்கொடுக்கும் அவனைத் தலையாட்டி என்று சொல்வோம். கைகளை உயர்த்திக்கொண்டு ஒவ்வொருவராக அவனுக்கு முன்னால் போய் நிற்கவேண்டும். அவன் தலையை ஆட்டினால் ஆளைக் கொண்டுபோவார்கள். எனக்கு முன்னால் நின்றவன் என் வகுப்புத் தோழன் ரவி. சாக்கு மேலும் கீழும் அசைந்தது. ரவி திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு அவனை ஒருவரும் பார்க்கவில்லை. என் முறை வந்தபோது அந்த ஓட்டைகள் என்னை நெடுநேரம் பார்த்தன. சாக்கு அசையவில்லை. என் பெயரும் ரவியின் பெயரும் தெரிந்த, எங்கள் ஊர் ஒழுங்கைகளில் நடந்த யாரோ ஒருவன் அதற்குள் இருந்தான். அது யார் என்பது இன்றுவரை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய கல்வீட்டு முற்றத்தில் அவர்கள் வேஷம் கட்டினார்கள். மமுத்தோனெஸ் என்பது இந்தக் கறுப்பு வேஷக்காரருக்குப் பெயர். ஆட்டுத்தோல் அங்கியின் மேல், முதுகு நிறைய மாட்டு மணிகள். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் பாரம் வரும். அவற்றைத் தோல் வார்களால் இறுக்கிக் கட்ட இன்னும் இரண்டுபேர் வேண்டும். பக்கீசியோ கூட்டத்தில் என்னைக் கண்டு, வா என்று கையசைத்தார்.

“போங்கோவன், கூப்பிடுறாரெல்லே” என்று மலர் முதுகில் தள்ளினாள்.

வாரின் ஒரு நுனியை என் கையில் தந்தார்கள். இழுத்தேன். இன்னும் இறுக்கு என்று அவர் சைகை காட்டினார். காலை அவர் இடுப்பில் முண்டுகொடுத்து இழுத்தேன். மூச்சு முட்ட அவர் சிரித்தார். அறுபது தாண்டிய, விடியப்புறம் ஆடு பார்க்கப் போய்வந்த மனிதர். பிறகு முகமூடியை எடுத்து அணிந்தார். தலையைச் சுற்றி ஒரு துணியைக் கட்டினார்கள். என் சம்பந்தி மறைந்துபோனார்.

ஊர்வலத்தை எப்படிச் சொல்வது? லண்டனில் நான் பார்த்த கார்னிவலில் காதைப் பிளக்கும் பாட்டு இருக்கும், தெருவெல்லாம் ஆட்டம் இருக்கும். இங்கே பாட்டில்லை, பேச்சில்லை. இரண்டு வரிசைக் கறுப்பு மனிதர்கள். ஒரே நேரத்தில் ஒரு தோளை முன்னால் எறிந்து ஒரு சின்னத் துள்ளல். அத்தனை முதுகிலும் அத்தனை மணிகளும் ஒரே சத்தமாக விழும். பிறகு அமைதி. மறுபடி துள்ளல். சத்தம் காதால் வரவில்லை, தெருக்கல்லுக்குள்ளால் காலில் ஏறி வந்தது. நல்லூர்க் கோயிலில் முதுகில் செடில் முள் குத்திக் காவடி எடுப்பவர்களின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். நோவைத் தாங்குவதில் ஒரு பெருமிதம் இருக்கும். இவர்களுக்கு அதைக் காட்ட முகம்கூட இல்லை. தொடங்கும்போது கவீனோவின் கையை இறுக்கிப் பிடித்திருந்த நான், எப்போது விட்டேன் என்று தெரியவில்லை.

அவர்களுக்கு இருபக்கமும் சிவப்புச் சட்டையும் வெள்ளை முகமூடியுமாகச் சிலர் கயிற்றோடு வந்தார்கள். கூட்டத்துக்குள் சுருக்கை வீசி ஆட்களைப் பிடிப்பது அவர்கள் வேலை. பிடிபட்டால் அதிர்ஷ்டமாம். இதைக் கவீனோ முன்பே சொல்லியிருந்தான். ஆனாலும் கயிறு என் தோளில் விழுந்து இறுகி, வெள்ளை முகம் ஒன்று என்னை முன்னால் இழுத்தபோது, என் இரண்டு கைகளும் தாமாக மேலே எழும்பின.

சனம் கைதட்டிச் சிரித்தது. நான் நடிக்கிறேன் என்று நினைத்தார்கள். சுருக்கைத் தளர்த்தி, என் முதுகில் தட்டிவிட்டுச் சிவப்புச் சட்டைக்காரன் போய்விட்டான். என் கைகள் இறங்கவில்லை. ஆரணி ஓடிவந்து அவற்றைப் பிடித்துக் கீழே இறக்கினாள். அவள் சிரிக்கவில்லை.

“அப்பா, என்ன இது? ஏன் கையை உயர்த்தினீங்கள்?”

பிறகு, ஊர்வலம் பார்க்க வந்தவர்களுக்கு வைன் வார்த்துக் கொடுக்கும் ஒரு வீட்டு அடுப்படியில் வைத்து, முதல்முறையாக அவளுக்குச் சொன்னேன். ஊர்வலம் முடிந்து பக்கீசியோவும் வந்து சேர்ந்திருந்தார். முகமூடியைக் கழற்றிவிட்டார், மயிர் நெற்றியில் ஒட்டி, முகமெல்லாம் வேர்வை. நான் தமிழில் சொல்ல, ஆரணி இங்கிலிஷில் சொல்ல, கவீனோ அதைத் தன் பாஷையில் தகப்பனுக்குச் சொன்னான். ரவியின் இடம் வந்தபோது ஆரணியின் குரல் நின்றுவிட்டது. மலர் மிச்சத்தைச் சொன்னாள்.

பக்கீசியோ கேட்டதைக் கவீனோ சொன்னான்: “அது யாரென்று ஊரில் ஒருவருக்கும் தெரியாதா என்று கேட்கிறார்.”

“தெரியாது.”

அவர் தலையை அசைத்துக்கொண்டு, மெல்ல, ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, கவீனோ எனக்குச் சொன்னான்: “இங்கே முகமூடிக்குள் யார் என்று எல்லோருக்கும் தெரியுமாம். நடையில் தெரியுமாம். அம்மா அவருடைய காலைப் பார்த்தே சொல்லிவிடுவாவாம்.” கிராசியா ஓமென்றா.

அவர் முகமூடியை மேசையில் கவிழ்த்து வைத்தார். இம்முறை நீட்டவில்லை, பக்கத்தில் வைத்தார், அவ்வளவுதான். நான்தான் கையை வைத்தேன். உள்பக்கம் வழவழப்பாக, ஈரமாக, இன்னும் சூடாக இருந்தது. உள்ளே ஒரு மனிதன் மூச்சு விட்டிருக்கிறான் என்பது அந்த ஈரத்தில் தெரிந்தது. அழவில்லை. வைன் குடித்தேன். நான் வழக்கமாகக் குடிப்பவனில்லை.

செவ்வாய்க்கிழமை கார்னிவலின் கடைசி நாள். ஆம்பிளையள் கறுப்புச் சீலை உடுத்து, வைக்கோல் பொம்மை ஒன்றை வண்டியில் வைத்துச் செத்த வீடுபோல் ஒப்பாரி வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனார்கள். “ஒப்பாரியில இழுவை காணாது” என்று மலர் விமர்சனம் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் கிராசியா அவளையும் இழுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய்விட்டா. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தபடி என் மனைவி யாழ்ப்பாணத்து ஒப்பாரியைச் சார்டீனியத் தெருவில் வைத்தாள்.

மணிகள் மறுபடி வந்தபோது நான் தனியாக நின்றேன். கூட்டம் நெருக்கியது. ஒரு வீட்டுப் படியில் நின்ற பெண் என்னைக் குனிந்து பார்த்து ஏதோ கேட்டா. புரியவில்லை. எங்கிருந்து வருகிறாய் என்பதாக்கும் என்று, முப்பது வருஷப் பழக்கத்தில், “லண்டன்” என்றேன். அவ தலையசைத்து மறுத்தா. பக்கத்தில் நின்ற இளைஞன் இங்கிலிஷில் உதவினான்: “நீங்கள் யாருடைய ஆள் என்று கேட்கிறா.”

எங்கள் ஊர்ப் பேச்சில், ஆற்றை ஆள்? ஊரை விட்டு வந்தபின் என்னிடம் ஒருவரும் கேட்காத கேள்வி. இங்கிலிஷில் சம்பந்திக்குச் சொல்லில்லை. அவவின் பாஷை எனக்குத் தெரியாது. வரிசையைப் பார்த்தேன். எல்லாம் ஒரே கறுப்பு. கால்களைப் பார்த்தேன். இடதுகாலைக் கொஞ்சம் அகட்டித் துள்ளும் ஒருவர், இரண்டாவது வரிசையில். விரலை நீட்டி, “பக்கீசியோ. சம்பந்தி” என்றேன்.

“ஆ, பக்கீசியோ!” என்று அவ நகர்ந்து படியில் இடம் விட்டா. ஒரு காலுக்குத்தான் இடமிருந்தது. மற்றக் காலைத் தெருவில் ஊன்றிக்கொண்டு, அவவின் கதவுநிலையைப் பிடித்தபடி, மணிகள் கடந்துபோகும்வரை அப்படியே நின்றேன்.